சிரில் கொரேராவின் இரண்டு விரல்

சிரில் கொரேரா இறந்த பதினேழாம் நாள், ஞாயிற்றுக்கிழமை மாலை நாலே கால் மணிக்கு, எட்டாம் எண் பனியனோடும் வெள்ளைக் கான்வாஸ் ஷூவோடும் கூடைப்பந்துப் பயிற்சிக்கு வந்து சேர்ந்தான், கால் மணி நேரம் பிந்தி வந்ததற்காகத் தவசிமுத்து மாஸ்டர் அவனை மைதானத்தைப் பத்துச் சுற்று ஓடச் சொன்னார், அவனும் ஓடினான். பத்தையும் எண்ணியவன் நான். முதல் ஐந்து பேரில் அவன் நிற்கிற இடத்தில் நின்றுகொண்டிருந்த நான், அவனைக் கண்டதும் யாரும் சொல்லாமலே விலகிப்போய் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். பெஞ்சில் உட்கார்ந்தவனுக்கு எண்ணுவதைத் தவிர வேறு வேலை கிடையாது. அடக்கத்துக்கு இரண்டு நாள் போக, அந்த இடத்தில் நான் நின்றது பதினாலு நாள்.

நெடுமுனை சால்ட் பிரதர்ஸ் கூடைப்பந்துக் கழகம் 1969-ல் தொடங்கியது. எங்கள் ஊர் உப்பள முதலாளிகள் நாலு பேர் சேர்ந்து, மாதா கோயிலுக்குப் பின்னால் சிமெண்டுத் தளம் போட்டு, இரண்டு பக்கமும் இரும்புக் கம்பம் நட்டு, ஆட்டத்துக்கு இருபது ரூபாயும் ஒரு மரக்கால் உப்பும் சம்பளம் என்று பேசி ஆட்டக்காரர்களைச் சேர்த்தார்கள். பெரிய ஊர்களில் பெரிய கம்பெனிகளின் அணிகள் இருந்தன. அவர்களுக்கு ரயில் டிக்கெட்டும் வேலையும் உண்டு. நாங்கள் அவர்களுக்குக் கீழே. கடற்கரை லீக் என்று எட்டு ஊர்கள். ஊருக்குப் பதினாலு ஆட்டம். மாசியில் தொடங்கி வைகாசியில் முடியும். முதல் பதினொரு வருடத்தில் நாங்கள் எட்டிய மிக உயர்ந்த இடம் மூன்று.

நான், மரிய தனிஸ்லாஸ், 1974-ல் சேர்ந்தேன். பதிமூன்றாம் எண். சிரில் எனக்கு இரண்டு வருடம் முன்னால் சேர்ந்தவன், என்னைவிட ஒரு வயது குறைவு, என்னைவிட நாலு விரற்கடை உயரம், நான் எந்த இடத்தில் நின்று ஆடுவேனோ அதே இடத்தில் நின்று ஆடுகிறவன். அதனால் அவன் ஆடினால் நான் ஆட முடியாது. அவன் ஆடாத நாள் இல்லை. இதற்கு மேல் அவன் தங்கை எமல்டாவை நான் கல்யாணம் செய்துகொண்டேன். அன்றுமுதல் அவன் எனக்கு மச்சான், நான் அவனுக்கு மாப்பிள்ளை. கல்யாணப் பந்தியிலும் அவனைச் சுற்றித்தான் கூட்டம்.

ஆறு வருடம், எண்பத்து நாலு ஆட்டம். அதில் நான் களத்தில் நின்றது முப்பத்தெட்டு நிமிடம்.

அப்புறம், 1980 தை மாதம், லீக் தொடங்குவதற்கு முன்னால், அவனுக்கு மஞ்சள் காமாலை வந்தது. ஒன்பது நாள். ஊரே அழுதது, நானும் அழுதேன், என் அழுகை பொய் இல்லை. ஆனால் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்தபோது, மண்டைக்குள் ஒரு மூலையில், இனி ஐந்தாவது ஆள் நான்தான் என்று ஒருவன் சந்தோஷமாக எண்ணிக்கொண்டிருந்தான். அவனை என்னால் வெளியே தள்ள முடியவில்லை.

எங்கள் ஊரில் இறந்தவர் எந்த உடுப்பில் நன்றாக இருந்தாரோ அந்த உடுப்பில்தான் அடக்கம் செய்வோம். பெண்களுக்குக் கல்யாணப் பட்டு. கடலுக்குப் போகிறவர்களுக்குத் திருவிழாச் சட்டை. சிரிலுக்குக் கல்யாணம் ஆகவில்லை, தாய் தகப்பன் இல்லை, இருந்த ஒரே உறவு எமல்டா. அவள், "எங்க அண்ணனுக்கு எட்டாம் நம்பர் பனியன் போடுங்க" என்றாள். போட்டார்கள். ஷூவும் மாட்டினார்கள். கழகச் செயலாளர் பர்னபாஸ் அண்ணாச்சி இளகின மனசுக்காரர். ஏங்கி ஏங்கி அழுதுகொண்டே சிரிலின் லீக் அடையாள அட்டையைப் பனியனின் உள்பக்கம் நெஞ்சுக்கு நேராக ஊக்கால் குத்திவிட்டார். அதைத் திருப்பி லீக்கில் ஒப்படைக்க வேண்டும் என்பது அவருக்கு அப்போது நினைவில்லை.

இவ்வளவுதான் நடந்தது. பதினேழாம் நாள் அவன் வந்தான்.

வந்தவனைப் பற்றி ஊர் அதிகம் குழம்பவில்லை. முதல் வாரம் நாலு பெண்கள் மெழுகுவர்த்தியோடு வந்தார்கள். பந்து பட்டு மெழுகுவர்த்தி மூன்று முறை விழுந்ததும் எல்லைக் கோட்டுக்கு அந்தப்பக்கம் நின்று கும்பிடுங்கள் என்று மாஸ்டர் விரட்டினார். பங்குச் சாமியார், உயிர்த்தெழுதல் நம் விசுவாசத்தில் உள்ளதுதான், கூடைப்பந்துக்கு அது பொருந்தாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை என்று பிரசங்கத்தில் சொல்லிவிட்டு, ஞாயிறு மாலைப் பூசையை ஆட்டம் முடிந்த பிறகு வைத்துக்கொண்டார். கல்லறைத் தோட்டத்துக் காவலாள் தினமும் நாலு மணிக்கு வாசல் கதவைத் திறந்து வைத்தார். அவன் பயிற்சிக்கும் ஆட்டத்துக்கும் மட்டும்தான் வருவான். கடைசி விசில் ஊதியதும் உப்பு அம்பாரங்களுக்கு நடுவே உள்ள தடத்தில் திரும்பிப் போய்விடுவான். போகிற வழியில் எதிர்ப்படுகிறவர்கள், "என்ன சிரிலு, இன்னைக்கு எத்தன?" என்பார்கள். "இருவத்தெட்டு" என்பான், அல்லது "முப்பத்தொண்ணு" என்பான். அவ்வளவுதான் பேச்சு.

அவனிடம் மாறியிருந்தவை மூன்று. அவனுக்கு வேர்க்கவில்லை, வேர்க்கிற இடத்தில் மெல்லிய உப்புத் தூள் படிந்தது, இடைவேளையில் அதை அவன் தட்டிவிட்டுக்கொள்வான். அவன் கையிலிருந்து வருகிற பந்து குளிர்ந்திருக்கும். தண்ணீர் குடித்தால் உள்ளே தங்காது. மற்றபடி அதே ஆள், அதே ஓட்டம், கைக்கு வந்த பந்தை ஒரு கணம் காதோடு வைத்துவிட்டு எறிகிற அதே பழக்கம். ஒன்று விட்டுவிட்டேன்: அவனுக்கு வயது ஏறவில்லை.

மற்ற ஊர்கள்தான் தாங்கவில்லை. மேலக்கரைக் கழகத்தின் மானேஜர் சண்முகவேல் லீக்கில் புகார் கொடுத்தார். லீக் கூட்டம் கூடியது. பெஞ்சுக்காரனுக்கு வேலை இல்லை என்பதால் பர்னபாஸ் அண்ணாச்சி என்னைத் துணைக்குக் கூட்டிப்போனார்.

"செத்தவனுக்குக் களைப்பு வராது. இது என்ன நியாயம்?" என்றார் சண்முகவேல்.

"ஒங்க ஆளு மத்தியானம் மீன் கொழம்பு சாப்பிட்டுட்டு வந்து ஆடுதான்" என்றார் பர்னபாஸ் அண்ணாச்சி. "எங்க ஆளு சாப்பிடாம ஆடுதான். எது கஷ்டம்னு நீரே சொல்லும்."

"உயிர் இருக்கணும்லா அண்ணாச்சி!"

"ரூல் புக்குல காட்டும்வே."

லீக்கின் விதிப்புத்தகத்தில் முப்பத்து நாலு விதிகள். முழுவதையும் உரக்க வாசித்தார்கள். ஆட்டக்காரரிடம் அட்டை இருக்க வேண்டும், இருந்தது. முகம் புகைப்படத்தோடு பொருந்த வேண்டும். பொருந்தியது, மற்ற எவரையும்விட அதிகமாகப் பொருந்தியது. உயிரைப் பற்றி ஒரு வரி கிடையாது. புகார் தள்ளுபடி. டீ குடித்தார்கள். ஆனால் பத்தொன்பதாம் விதியை வாசித்தபோது எல்லோர் காதிலும் அது விழுந்தது, எனக்கு மட்டும் உறைத்தது: ரிலீஸ் பாரத்தில் கையெழுத்திட்டு அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்கும்வரை ஓர் ஆட்டக்காரர் அந்தக் கழகத்தின் ஆட்டக்காரரே, கழகம் அழைத்த நாளில் வந்து ஆட அவர் கடமைப்பட்டவர்.

அவன் ஆசைப்பட்டு வரவில்லை. நாங்கள் விடவில்லை, அதனால் வருகிறான். ஒரு கையெழுத்து. அது விழுந்தால் அவன் போய்விடுவான், அவன் இடம் எனக்கு.

ஊருக்குத் திரும்பியதும் பர்னபாஸ் அண்ணாச்சியின் அலமாரியிலிருந்து ஒரு ரிலீஸ் பாரம் கேட்டு வாங்கினேன். "எதுக்குல?" என்றார். "சும்மா பாக்கதுக்கு" என்றேன். அதில் அவன் பெயர், எண், சேர்ந்த வருடம் எல்லாவற்றையும் என் கையெழுத்தில் நிரப்பி, எட்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். பத்து வருடம் வைத்திருந்தேன். வேர்வையில் நைந்துபோய் மூன்று முறை புதிதாக நிரப்பினேன். அவனிடம் கேட்க வாய் வரவில்லை. எல்லோரும் நேசிக்கிற ஒருவனைப் போ என்று சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. இருக்கட்டும் என்று விடவும் மனசு இல்லை.

பத்து வருடத்தில் எட்டு முறை கோப்பை எங்களுக்கு வந்தது. ஊரில் மூன்று மருந்துக் கடைகளும் ஒரு சலூனும் ஒரு பரோட்டாக் கடையும் சிரில் பெயரில் திறந்தார்கள். சலூன்காரர் தலைமுடியை அவன் மாதிரி வெட்டிவிடுவதற்கு எட்டு என்று பெயர் வைத்திருந்தார். பக்கத்து ஊர்க்காரர்கள் பொறாமையில் நியாய புத்தியை இழந்தார்கள். கீழப்புதூரில் ஒரு பழைய ஆட்டக்காரர் இறந்தபோது அவருக்குப் பனியன், ஷூ, அட்டை, விசில், ஒரு புதுப் பந்து எல்லாவற்றையும் வைத்து அடக்கம் செய்துவிட்டு, பதினேழாம் நாள் மேளத்தோடு காத்திருந்தார்கள். அவர் வரவில்லை. முறைப்படி ரிலீஸ் வாங்கி ஒன்பது வருடம் ஆகியிருந்தது அவருக்கு; அது அவர்களுக்குத் தோன்றவே இல்லை. மேலக்கரையில் நன்றாக ஆடுகிற காளிராசு என்பவர் காய்ச்சல் வந்தால் வெளியே சொல்வதில்லை என்றார்கள். சொன்னால் மானேஜர் சண்முகவேல் ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்து, படுக்கை ஓரமாக உட்கார்ந்து, நம்பிக்கையோடு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாராம்.

அவர்களைப் பார்த்து எங்கள் ஊர் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அந்த எரிச்சல் எனக்கு எட்டு ஊர் தள்ளி இல்லை, என் வீட்டிலேயே இருந்தது. எமல்டா ஞாயிறு தவறாமல் வறுத்த சீலா மீனும் ஒரு செம்புத் தண்ணீரும் கொண்டுவந்து அண்ணன் முன்னால் வைப்பாள். அவன் தொடமாட்டான். திரும்பிப் போகும்போது ஆறிப்போன அந்த மீன் எனக்கு. 1982-ல் எங்களுக்கு ஒரு மகன் பிறந்தான். அவனுக்குச் சிரில் என்று பெயர் வைத்தாள். என் வீட்டில் என் மகனைச் சாப்பிடக் கூப்பிடுவதற்குக்கூட அந்தப் பெயரைத்தான் நான் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு நாளைக்கு எத்தனை முறை என்று ஒரு மாதம் எண்ணிப் பார்த்தேன். சராசரி பத்தொன்பது.

"ஒங்களுக்கு ஏங்க மூஞ்சி இப்பிடி இருக்கு?" என்பாள். "எங்க அண்ணன் ஜெயிச்சா ஒங்களுக்கும் கோப்பதான?"

கோப்பைதான். புகைப்படத்தில் இரண்டாம் வரிசையில் இடது ஓரம் நான். எட்டுப் படத்தில் மூன்றில் என் காது மட்டும் விழுந்திருக்கிறது.

1990 வந்தது. எனக்கு முப்பத்தெட்டு வயது. முட்டி சத்தம் போடத் தொடங்கியிருந்தது. இந்த வருடத்தோடு போதும் என்று மாஸ்டர் சொல்லிவிட்டார். அந்த வருடத்தின் பதிமூன்று ஆட்டம் முடிந்தபோது என் மொத்தக் கணக்கு இது: இருநூற்று முப்பத்தேழு ஆட்டங்கள், களத்தில் நின்றது அறுபத்தோரு நிமிடம், ஸ்கோர் தாளில் முதல் ஐந்து பேரின் பெயர் எழுதுகிற கட்டத்துக்குள் என் பெயர் வந்தது ஒரு முறைகூட இல்லை. மீதி இருந்தது ஒரே ஆட்டம். மேலக்கரையோடு. இரண்டு அணியும் சமம், ஜெயிக்கிறவர்களுக்குக் கோப்பை.

முந்தின நாள் சனிக்கிழமை பயிற்சி முடிந்து அவன் திரும்பிப் போகும்போது நானும் கூட நடந்தேன். பத்து வருடத்தில் அதுதான் முதல் முறை. இரண்டு பக்கமும் உப்பு அம்பாரம், வெயில் இன்னும் முழுசாகச் சாயவில்லை, அவன் நடக்கிற இடத்தில் சத்தமே இல்லை, கேட்டது என் காலடி மட்டும். கல்லறைத் தோட்டத்து வாசலில் அவன் நின்றான்.

"எத்தன வருசமா சட்டப்பையில வச்சிருக்க மாப்ள?"

"பத்து" என்றேன்.

"தெரியும். பை வெளுத்துப்போச்சுல்லா. ஏன் கேக்கல?"

"கேட்டா நீ போயிருவ மச்சான்."

"நான் போணும்னுதான ஒனக்கு?"

"ஆமா."

அவன் சிரித்தான். செத்த பிறகு அவன் சிரித்து நான் பார்த்தது அதுதான். "நல்லவன்ல நீ. பொய்யாச்சும் சொல்லுதானா பாரு." பிறகு முழங்கையில் படிந்திருந்த உப்பைத் தட்டிக்கொண்டே சொன்னான்: "நீ அந்த பெஞ்சுல உக்காந்து துண்டால மூஞ்சியத் தொடைப்பல்லா, அத பாத்து பாத்து எனக்கு வயித்தெரிச்சல். ஓடுதவன் எனக்கு ஒரு சொட்டு வேர்க்கல. சும்மா உக்காந்திருக்கவன் ஒனக்கு ஊத்துது. பத்து வருசம் ஒவ்வொரு கூடையும் போட்டுட்டு ஒன்னத்தான் பாப்பேன். நீ தண்ணி குடிச்சிட்டு இருப்ப. எந்தங்கச்சி கையால."

என்னைப் பார்த்து ஒருவன் பொறாமைப்படுவான் என்று நான் எண்ணியதில்லை.

"நாளைக்கு நீ ஆடு" என்றான். "முழு ஆட்டம். நான் பெஞ்சுல உக்காருதேன். கடைசி விசிலுக்குக் கையெழுத்து."

மறுநாள் நாலரை மணிக்கு மேலக்கரை வந்து இறங்கியது. மாதா கோயிலின் மதில், சாமியார் பங்களாவின் மொட்டை மாடி, புளியமரக் கிளை எல்லாம் தலைகள். மாஸ்டர் பெயர்களை வாசிக்க வாய் திறந்தபோது சிரில் நேராகப் போய் பெஞ்சில், என் இடத்தில் உட்கார்ந்தான்.

"ஏல சிரிலு, எந்திரி."

"இன்னைக்கு மாப்ள ஆடட்டும் மாஸ்டர்."

செத்தவன் எழுந்து வந்ததற்கு ஆச்சரியப்படாத தவசிமுத்து மாஸ்டர், அவன் உட்கார்ந்ததற்கு ஆச்சரியப்பட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். கெஞ்சினார், திட்டினார், பர்னபாஸ் அண்ணாச்சியைக் கூப்பிட்டார். சிரில் எழவில்லை. கடைசியில் ஸ்கோர் எழுதுகிறவர் முதல் ஐந்து கட்டத்தில் ஐந்தாவதாக என் பெயரை எழுதினார். நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். எழுத்துப் பிழை இல்லை.

நாற்பது நிமிடம் ஆடினேன். நாற்பதும் ஆடினேன். அந்த நாற்பது நிமிடமும் ஊர் பெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தது. மேலக்கரைக்காரர்களும் பெஞ்சையே பார்த்தார்கள். சிரில் காலை நீட்டினால் ஒரு முனகல். துண்டை எடுத்துத் தோளில் போட்டால் ஒரு முனகல். "எந்திரிச்சிருவான், எந்திரிச்சிருவான்" என்று கிளையிலிருந்து ஒருவர் சொல்லிக்கொண்டே இருந்தார். என் முதல் கூடை ஒன்பதாம் நிமிடம். கைதட்டியவர்கள் மூன்று பேர், அதில் ஒருவர் மேலக்கரைக்காரர். இரண்டாவது கூடை இருபத்தாறாம் நிமிடம். அதற்கு ஒருவர். என்னோடு ஆடுகிறவர்கள்கூட எனக்குப் பந்து போடுவதற்கு முன்னால் ஒரு தடவை பெஞ்சைப் பார்த்துவிட்டுப் போட்டார்கள், அவனிடம் அனுமதி கேட்கிற மாதிரி. எனக்குள் எரிந்தது. ஆடாமல் உட்கார்ந்தும் அவனே ஆடினான்.

முப்பத்தொன்பது நிமிடம் தாண்டியது. மேலக்கரை ஐம்பத்தெட்டு, நாங்கள் ஐம்பத்தேழு. இருபது வினாடிகூட இல்லை. பந்து என் கைக்கு வந்தது.

அந்த நேரம் பார்த்து எமல்டா பெஞ்சுக்குப் பக்கத்தில் போய் அண்ணனுக்குச் செம்பை நீட்டினாள். அவன் வாங்கிக் குடித்தான். அண்ணாந்து, கடகடவென்று, செம்பு காலியாகும்வரை குடித்தான். தண்ணீர் உள்ளே தங்கியது. அவன் காதோரத்தில் ஒரு சொட்டு திரண்டு கன்னத்தில் இறங்கியது.

"வேர்த்துட்டு!" என்று எமல்டா கத்தினாள். "எங்க அண்ணனுக்கு வேர்த்துட்டு!"

மைதானம் மொத்தமும் திரும்பியது. மதில், மாடி, மரம், இரண்டு நடுவர், மேசையில் இருந்த மூன்று பேர், என்னை மறிக்க நின்ற காளிராசு, எங்கள் ஆட்கள் நாலு பேர் எல்லோரும் திரும்பினார்கள். என் முன்னால் யாரும் இல்லை. எறிந்தேன். பந்து வளையத்தில் உரசாமல், வலையில் மட்டும் உரசி, உள்ளே இறங்கியது. அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. நடுவரைப் பார்த்தேன்: முதுகு. மேசையைப் பார்த்தேன்: மூன்று முதுகு. பந்து தானாக நாலு முறை குதித்து உருண்டு எல்லைக் கோட்டைத் தாண்டியது.

ஒரே ஒருவன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். தங்கையின் தோளுக்கு மேலாக, வேர்வை வழிகிற முகத்தோடு, சிரில் என்னைப் பார்த்து வலது கையைத் தூக்கி இரண்டு விரலைக் காட்டினான். இரண்டு பாயிண்ட். நடுவர் காட்டுவதைப்போலவே மணிக்கட்டை மடக்கிக் காட்டினான். அவன் விரலை ஊர் மொத்தமும் பார்த்தது. அது எதைக் காட்டியது என்று பார்க்க ஒருவரும் திரும்பவில்லை. நடுவர் திரும்பியபோது பந்து வெளியே கிடந்தது. மேலக்கரை பந்து என்று விசில் ஊதினார். அவர்கள் பந்தை வைத்துக்கொண்டு நின்றார்கள். கடைசி விசில்.

கூட்டம் அவனைச் சுற்றுவதற்கு முன்னால் நான் பெஞ்சை அடைந்துவிட்டேன். அங்கே கழற்றி வைத்திருந்த என் சட்டையிலிருந்து பாரத்தையும் பேனாவையும் எடுத்து நீட்டினேன். அவன் பனியனுக்குள் கைவிட்டு ஊக்கைக் கழற்றி அட்டையை எடுத்து என் கையில் வைத்தான். வாங்கும்போது அவன் விரல் சூடாக இருந்தது.

"ஆறு பாயிண்டுல்லா மாப்ள?" என்றான் மெதுவாக. "மூணாவத நான் பாத்தேன். சொல்லவா?"

அவன் சொன்னால் நடுவர் நம்புவார். சண்முகவேலே நம்புவார், செத்தவன் பொய் சொல்லி யாரும் கேட்டதில்லை. ஐம்பத்தொன்பதுக்கு ஐம்பத்தெட்டு. கோப்பை எங்களுக்கு. ஊர் அப்போது என்ன சொல்லும் என்று எனக்கு உடனே தெரிந்தது. சிரில் சொல்லி ஜெயித்தோம் என்று சொல்லும். பெஞ்சில் உட்கார்ந்தபடியே ஜெயிக்க வைத்தான் என்று சொல்லும். பதினேழு வருடத்தில் நான் போட்ட ஒரே நல்ல கூடை, அதுவும் அவனுடையது ஆகிவிடும்.

"வேண்டாம் மச்சான்" என்றேன். "கையெழுத்தப் போடு."

"சரியான வயித்தெரிச்சல் புடிச்சவம்ல நீ" என்றான்.

"ஆமா."

அவன் போட்டான். பேனாவை பெஞ்சில் கிடந்த என் சட்டையின் பையில் செருகினான், பாரம் இருந்த இடத்தில். எமல்டாவின் தலையில் ஒரு முறை கை வைத்தான். பிறகு கூட்டம் வழிவிட உப்புத் தடத்தில் நடந்து போனான். அவன் முதுகிலிருந்து வேர்வை சொட்டிக்கொண்டே போனது. மறுநாள் காலை சிமெண்டுத் தளத்தின் ஓரத்திலிருந்து மைதானத்து வெளிவாசல்வரை ஒவ்வொரு சொட்டும் வெள்ளைப் புள்ளியாகக் காய்ந்திருந்தது. நூற்றுப் பதினாலு.

அவன் அப்புறம் வரவில்லை. பாரத்தை நிரப்பியது என் கை என்று ஊர் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. மீன்காரம்மா எனக்கு மீன் தரவில்லை. சலூனில் என் முறை வரவே வராது. கடைசியில் பேருந்து ஏறிக் கீழப்புதூரில் போய் முடிவெட்டினேன், அங்கே எனக்கு நல்ல மரியாதை. எமல்டா ஐம்பத்திரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சோறு வைப்பாள், தட்டு வைக்கிற சத்தத்திலிருந்து கோபம் எவ்வளவு என்று தெரிந்துகொள்வேன். கழகம் அடுத்த வருடம் ஆறாம் இடம், அதற்கடுத்த வருடம் எட்டாம் இடம். 1997-ல் லீக்கே நின்றுபோனது. அந்தக் கடைசி ஆட்டத்தின் ஸ்கோர் தாள் இன்னும் கழகத்தின் அலமாரியில் இருக்கிறது: தனிஸ்லாஸ், நாலு பாயிண்ட். ஒரு பாயிண்டில் கோப்பையைத் தொலைத்தவன் யார் என்று நெடுமுனையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

கழகத்தின் வெளிச்சுவரில் சிரிலை வரைந்து வைத்திருக்கிறார்கள். பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான், முகத்தில் வேர்வை, வலது கையில் இரண்டு விரல். பெஞ்சில் வேறு யாரும் இல்லை. அந்த இரண்டு விரலுக்கு ஊரில் பல விளக்கம் உண்டு. இரண்டாம் முறையும் போகிறேன் என்று விடைபெற்றான் என்பார்கள். மறுபடியும் வருவான் என்பார்கள். ஒன்று மண்ணுக்கு, ஒன்று விண்ணுக்கு என்று புதிதாக வந்த பங்குச் சாமியார் மூன்று ஞாயிறு பிரசங்கம் வைத்தார். வேலைக்கு, பரீட்சைக்கு, கப்பலுக்குப் போகிறவர்கள் அந்த விரல்களைத் தொட்டுவிட்டுப் போகிறார்கள். தொட்டுத் தொட்டுப் பெயிண்ட் அழிந்து நாலு முறை திரும்ப வரைந்தாயிற்று. ஒவ்வொரு முறையும் நான் போய் நின்று மணிக்கட்டு சரியாக மடங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவேன். ஊர் தொட்டுக் கும்பிடுவது என் கூடையை என்று நினைக்கும்போது கொஞ்சம் சந்தோஷமாக இருக்கும். கும்பிட்டு முடித்து அவன் பெயரைச் சொல்லும்போது பழையபடி எரியும்.

போன மாதம் மத்தியானச் சாப்பாட்டின்போது எமல்டா கேட்டாள்.

"ஏங்க, எங்க அண்ணன் எதுக்கு ரெண்டு வெரலக் காட்டினாரு? ஒங்களுக்குத் தெரியும்லா?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"பொய் சொல்லாதீங்க. ஊரே எங்க அண்ணனப் பாத்துச்சு. நான் கிட்ட நின்னேன், நாந்தான் தண்ணி குடுத்தேன். அவரு என்னப் பாக்கல. ஒங்களப் பாத்துல்லா காட்டினாரு. கடைசியா அவரு ஆசையாப் பாத்தது ஒங்க மூஞ்சிய." குழம்புக் கரண்டியைச் சட்டியின் விளிம்பில் தட்டினாள். "நான் அந்த அம்பத்திரண்டு நாளு எதுக்குப் பேசலன்னு நெனச்சீங்க? கோப்பைக்கா?"

நான் எண்ணிவைத்திருந்த எல்லாவற்றிலும் இது இல்லை. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அவளிடம் சொன்னேன். முப்பத்தொன்பதாம் நிமிடம், காளிராசின் முதுகு, வலையின் சத்தம், சொல்லவா என்று அவன் கேட்டது, நான் வேண்டாம் என்றது, ஏன் வேண்டாம் என்றேன் என்பது, எல்லாம்.

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அப்போ நாம ஜெயிச்சிருக்கோம்."

"ஒரு பாயிண்டுல."

எழுந்து போய் ஒரு துண்டு மீன் எடுத்துவந்து என் தட்டில் வைத்தாள். சூடாக இருந்தது.

"வெரலு எங்க அண்ணனோடது" என்றாள். "அத நான் தரமாட்டேன். பாயிண்ட்ட வேணும்னா நீங்க வச்சுக்கிடுங்க."